ஜிப்சம் போர்டுக்குப் பல்நோக்குக் கருவி வாங்கலாமா?

கேள்வி: ஜிப்சம் போர்டுக்கென விற்கும் சுத்தியல் வாங்கினேன். பின்புறமுள்ள கோடரி முனையால் வெட்டியபோது போர்டின் விளிம்பு நொறுங்கிவிட்டது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். (சேலம் வாசகர்)

பதில்: அவர் மறுப்பது நியாயமே. அந்த முனை போர்டை நெம்பித் தூக்குவதற்கானது. அதிலுள்ள பிளவு ஆணி பிடுங்குவதற்கு. சுத்தியலின் குவிந்த முகம், போர்டின் மேல் ஒட்டியுள்ள தாள் கிழியாமல் ஆணித்தலையைச் சற்றே உள்ளே அமிழ்த்துவதற்காக, மரச்சட்டத்தில் ஆணியடிக்கும் அமெரிக்க வழக்கத்தை ஒட்டி அமைந்தது. நம் ஊரில் பெரும்பாலும் ஜி.ஐ. சேனலில் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தில்) ஸ்க்ரூ முடுக்குகிறோம். வேலை செய்பவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வாங்கியிருக்க வேண்டாமா?

கேள்வி: கத்தி, ரம்பம், அரம், ஸ்க்ரூ டிரைவர் நான்கும் மடங்கும் ஒரே கருவியை வாங்கலாமா? அறையில் தடுப்பு அமைக்க வேண்டும். (மதுரை வாசகி)

பதில்: கத்தியின் பிளேடைக் கழற்றி மாற்ற முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் தொடவே வேண்டாம். போர்டின் உறுதியில் பெரும்பங்கு அதன் இருபுறத் தாளில் இருப்பதால், முன்தாளைக் கீறி, போர்டைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்து, பிறகு பின்தாளை அறுப்பதே முறை. ஜிப்சத்தில் உரசும் பிளேடு விரைவில் மழுங்கும். மழுங்கிய பிளேடு தாளை அறுக்காமல் பிய்க்கும். பிய்ந்த விளிம்பை எந்தப் பட்டிப் பூச்சும் ஒழுங்காக மறைப்பதில்லை. நான் வாங்கிய ஒன்றில் பிளேடை ரிவெட் அடித்து இறுக்கியிருந்தார்கள். கூர் போனதும் முழுக் கருவியும் வீணானது. தேய்ந்தே தீரும் பாகத்தை மாற்ற முடியாதபடி செய்து விற்பது வாங்குபவரை ஏமாற்றும் செயல் என்றே கருதுகிறேன். சுவிட்சுப் பெட்டிக்குத் துளையிடும் கூர்முனை ரம்பம் மடங்கும் வகையென்றால் பூட்டு அவசியம்; இல்லையேல் முனையைக் குத்தி இறக்கும்போது விரல்மேல் மடங்கும். விளிம்பைச் சீவ அரம் போதும். ஸ்க்ரூ டிரைவருக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்: 12.5 மி.மீ. போர்டைச் சேனலில் பிடிக்கும் 25 மி.மீ. ஸ்க்ரூக்களைக் கையால் முடுக்கி ஒரு சுவரை முடிப்பது நடவாத காரியம்.

கேள்வி: துளையிடும்போது உள்ளிருந்த ஒயர் அறுந்துவிட்டது. ரம்பம் தயாரித்தவர்மீது புகார் செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: கூடாது; மெயின் சுவிட்சை அணைக்காமலும் பின்னால் என்ன இருக்கிறதென்று பாராமலும் ரம்பத்தை இறக்கியது நீங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ரம்பம் முதல் துளையிலேயே கைப்பிடியிலிருந்து கழன்றது. உறையைப் பிரித்ததால் திரும்பப் பெற மாட்டார்களாம். உறையில் யார் முகவரியும் இல்லை. (திருநெல்வேலி வாசகி)

பதில்: உறையைப் பிரிக்காமல் பழுதை எப்படிக் கண்டறிவது? உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. பில்லில் காலவரம்பு குறிப்பிடாதபோது, பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. உறையில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லாதது தனிக் குற்றம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கழன்ற கைப்பிடி, உறை, பில் மூன்றையும் அதுவரை எறிந்துவிடாதீர்கள்.