ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை என்றால்: காரைக்குடிப் பட்டறையிலிருந்து சில பதில்கள்

காரைக்குடியில் 22 வருஷமாக கார் பிரேக் வேலை பார்க்கிறேன். ஏபிஎஸ் என்பது ஓங்கி பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவி, ஈஎஸ்சி என்பது திருப்பத்தில் வண்டி வழுக்கிச் சுற்றாமல் காக்கும் கருவி. இவை பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, மீட்டரில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. அப்படியே ஓட்டலாமா? (தேவகோட்டை)

நிதானமாகப் பட்டறை வரை ஓட்டி வரலாம். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் இழுத்துக்கொண்டு போகும். மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு. ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எரிந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கு போடும் வேலையும் நின்றுபோயிருக்கலாம். பின்சக்கரம் முந்திப் பூட்டினால் வண்டி சுற்றிவிடும். ஓட்டாதீர்கள், வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

அப்பச்சி சென்னையில் இருக்கிறார்கள். கார் நாலு மாதமாக ஊர் வீட்டு ஷெட்டில் நின்றது. திருவிழாவுக்கு வந்து எடுத்தால் ஏபிஎஸ், ஈஎஸ்சி, ஸ்டியரிங் எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறது. (கானாடுகாத்தான்)

எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது தம்பி. பேட்டரியைப் பாருங்கள். நம் பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடு அதிகம், அதனால் இந்தக் கேஸும் எனக்கு அதிகம் வரும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் முழு சார்ஜ் ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு முறை திருப்பி, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பல கார்களில் இதிலேயே விளக்கு அணைந்துவிடும். அணையாவிட்டால் பானெட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று தேடுங்கள்.

வலது முன்சக்கர பேரிங் மாற்றிய நாளிலிருந்து விளக்கு எரிகிறது. ஏபிஎஸ் யூனிட்டே போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். (குன்றக்குடி)

தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பேரிங் மாற்றிய நாளில் வந்த கோளாறு என்றால் அந்தச் சக்கரத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

இப்போதைய பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பார்வைக்கு வெறும் ரப்பர் சீல் மாதிரி, லேசாகப் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். அந்தப் பக்கம்தான், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டாலும் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றும், சென்சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நானே ஒரு முறை இப்படித் திருப்பி அடித்துவிட்டு, அரை நாள் வயரிங்கைத் தேடியிருக்கிறேன். வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி, என் செலவில் வேறு பேரிங் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஸில் வைக்கும் முன் சீல்மேல் ஒரு காகிதத்தை வைத்து இரும்புத்தூளைத் தூவிப் பார்ப்பேன். காந்தப் பக்கம் என்றால் தூள் வரிவரியாக நிற்கும்.

உங்கள் வண்டியில் கோளாறைப் படிக்கும் கருவியான ஸ்கேனரை மாட்டி, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு, நாலு சக்கரத்தின் வேகத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்று 20 காட்டி, வலது முன்பக்கம் மட்டும் 0 காட்டினால் யூனிட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். பேரிங், சென்சார், அதன் கப்ளர் (வயர் இணைப்பு), ஷாக் அப்சார்பர் ஓரமாக வரும் வயர், இவ்வளவுதான் வேலை. மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜினை மட்டுமே படிக்கும், ஏபிஎஸ்ஸைப் படிக்கிற கருவியாக வேண்டும்.

சென்சாரைக் கழற்றினால் முனையைத் துணியால் துடையுங்கள். செம்மண்ணும் பிரேக் டிஸ்கிலிருந்து உதிரும் இரும்புத்தூளும் சேர்ந்து அதில் களிம்பு மாதிரி ஒட்டியிருக்கும். பழைய வகை சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தால் சுமாராக 1000 ஓம் காட்டும். புதிய வகையில் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் ஓம் பார்க்கக் கூடாது, சென்சார் கெட்டுவிடலாம்.

பழைய கார் வாங்கப் போகிறோம். இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? (புதுவயல்)

சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ், ஈஎஸ்சி விளக்குகள் எரிகின்றனவா என்று முதலில் பாருங்கள் அக்கா. எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அந்தக் கருவி இருக்கிற வண்டியில் விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ அதைப் பிடுங்கியிருக்கலாம். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஈஎஸ்சி எல்லாக் காரிலும் இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் முன்னும் பின்னும் வண்டி இல்லாத ரோட்டில் 40-இல் போய், பிரேக்கை ஒரே மிதியாக ஓங்கி மிதித்து அப்படியே பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. காலுக்குக் கீழே பெடல் கடகடவென்று அதிர்ந்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறது. பலர் அந்த அதிர்வுக்குப் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், எடுக்காதீர்கள்.

ஈஎஸ்சியை ரோட்டில் வளைத்து ஒடித்துச் சோதிக்கவே வேண்டாம். 1997-இல் ஸ்வீடனில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரைச் சட்டென்று ஒடித்துத் திருப்பிச் சோதித்தபோது அது கவிழ்ந்தே விட்டது. அதன் பிறகுதான் அந்த மாடல் முழுவதற்கும் இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். சமதளத்தில் சக்கரம் நேராக நிற்கும்போது ஸ்கேனரில் ஸ்டியரிங் கோணமும் வண்டி சுழலும் வேகமும் 0-வை ஒட்டி இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். கோணம் தள்ளிக் காட்டினால், வீல் அலைன்மெண்ட் செய்தவர் சென்சாரை மறுபடி செட் செய்யாமல் விட்டிருக்கலாம்.

செம்மண் பாதையில் ஏபிஎஸ் இருந்தும் வண்டி நிற்கத் தாமதமாகிறதே, கோளாறா? (திருப்பத்தூர்)

கோளாறில்லை. உதிரி மண்ணில் பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்து, அதிலேயே முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாததால் தூரம் கூடும், ஆனால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல்மேலும் வைக்கோல்மேலும் டயருக்குப் பிடிப்பே இருக்காது. ஏபிஎஸ், ஈஎஸ்சி இரண்டும் இருந்தாலும் இல்லாத பிடிப்பை உண்டாக்க முடியாது, அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் மட்டும் ஈஎஸ்சியை ஆஃப் செய்யுங்கள், வெளியே வந்ததும் ஆன் செய்துவிடுங்கள்.

பிரேக் ஆயில் குறையவே இல்லை, எதற்கு மாற்ற வேண்டும்? (கோட்டையூர்)

அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் ஐயா. ஈரம் ஏறினால் சூட்டில் கொதிக்கும், ஏபிஎஸ் யூனிட்டின் நுண்ணிய வால்வுகளும் அரிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மூடியில் போட்டிருக்கிற டாட் எண்ணை (ஆயிலின் வகையைச் சொல்லும் எண்) பார்த்து மாற்றிவிடுங்கள்.