வெங்கய்யா வரைந்தது எந்தக் கொடி? மூவர்ணக்கொடி கேள்வி-பதில்

ஆகஸ்ட் நெருங்கினால் கொடி பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: தேசியக் கொடியை வடிவமைத்தவர் பிங்கலி வெங்கய்யா என்று பள்ளியில் படித்தோம். இப்போது, இல்லை, சுரையா தியாப்ஜி என்ற பெண்மணிதான் வடிவமைத்தார் என்கிறார்கள். எது சரி? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தத் தேவையில்லை. அவர்கள் கை பட்டது வேறு வேறு கட்டத்துக் கொடிகளில்.

மசூலிப்பட்டினத்துக்காரரான வெங்கய்யா, கொடி என்றால் உயிரை விடும் மனிதர். 1916-லேயே இந்தியாவுக்கு ஒரு கொடி வேண்டும் என்று பல மாதிரிகளுடன் சிறு நூல் வெளியிட்டவர். 1921-ல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, சிவப்பும் பச்சையும் பின்னணியாக வைத்து அதில் ராட்டை உள்ள ஒரு கொடி வரைந்து தாருங்கள் என்று காந்தி அவரிடம் கேட்டார். மூன்றே மணி நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தாராம். காந்தியே தமது ‘யங் இந்தியா’ இதழில் இதை எழுதியிருக்கிறார். ராட்டை யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. வெள்ளை நிறம் வேண்டும் என்பது அதன் பிறகு காந்திக்கே தோன்றியது. ஆக, முதல் மூவர்ணத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

அந்தக் கொடி இன்றைய கொடி இல்லை. அதில் வெள்ளை மேலே, பச்சை நடுவே, சிவப்பு கீழே. மூன்றின் மேலும் படர்ந்தாற்போலப் பெரிய ராட்டை.

இன்றைய கொடியை முடிவு செய்தது 1947 ஜூனில் அரசியல் நிர்ணய சபை அமைத்த குழு. தலைவர் ராஜேந்திர பிரசாத். ராஜாஜி, ஆசாத், சரோஜினி நாயுடு, அம்பேத்கர், கே.எம். முன்ஷி போன்றோர் அதில் இருந்தார்கள். அந்தக் கட்டத்தில் அசோகச் சக்கரத்தை வரைந்து பார்த்து, துணியில் மாதிரி தைக்க வைத்தவர் சுரையா என்றும், அவருடைய கணவரும் ஐ.சி.எஸ். அதிகாரியுமான பத்ருதீன் தியாப்ஜியின் பங்கும் அதில் உண்டு என்றும் அந்தக் குடும்பத்தார் சொல்லிவருகிறார்கள். சபையின் தீர்மானத்தில் வெங்கய்யா பெயரும் இல்லை, சுரையா பெயரும் இல்லை. ‘1921 கொடியை வரைந்தவர் வெங்கய்யா, 1947 கொடி ஒரு குழுவின் முடிவு’ என்று எழுதினால் தவறு வராது. இத்தனை பேர் கூடிச் செய்த கொடி என்பதை ஒரே பெயரில் அடைத்துவிடக் கூடாது என்பது என் அழுத்தமான எண்ணம்.

கேள்வி: காவி இந்துக்கள், பச்சை முஸ்லிம்கள், வெள்ளை மற்றவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு மாணவனின் தந்தை வந்து, அது தவறு என்று சொல்லிவிட்டுப் போனார். (ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: அந்தத் தந்தை சொன்னது சரி. ஆனால் நீங்கள் சொன்னதும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அந்த மாற்றத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1921-ல் நிறங்களுக்கு மத அர்த்தம் இருந்தது. சிவப்பு இந்துக்கள், பச்சை முஸ்லிம்கள், வெள்ளை மற்ற எல்லா மதத்தாரும். இப்படிப் பங்கு பிரித்தால் என்ன நடக்கும்? எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1931-ல் காங்கிரஸ் ஒரு குழு போட்டது. நேரு, படேல், ஆசாத், தாரா சிங், பட்டாபி சீதாராமய்யா எல்லாம் அதில் உறுப்பினர்கள். அந்தக் குழு, முழுக் காவியில் ஓரமாக ஒரு ராட்டை போதும் என்று பரிந்துரைத்தது. அகில இந்திய கமிட்டி அதை ஏற்கவில்லை. 1931 ஆகஸ்டில் பம்பாயில் கூடி, காவி, வெள்ளை, பச்சை, நடுவே நீல ராட்டை என்று முடிவு செய்தது. நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். காவி துணிவும் தியாகமும், வெள்ளை அமைதியும் உண்மையும், பச்சை நம்பிக்கையும் வீரமும், ராட்டை எளிய மக்களின் நம்பிக்கை.

சிவப்பு போய்க் காவி வந்ததும், வரிசை மாறியதும் அன்றைக்குத்தான்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் ராதாகிருஷ்ணன் (நம் திருத்தணியில் பிறந்தவர்தான்) நிறங்களை இன்னும் அழகாக விளக்கினார். காவி பற்றற்ற நிலை, ஆள வருபவர்கள் தன்னலம் துறக்க வேண்டும். வெள்ளை ஒளி, உண்மையின் வழி. பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. சக்கரம் அறம், அது அசைவையும் குறிக்கும். இதில் மதம் எங்கே இருக்கிறது? பத்து வருடச் சண்டைக்குப் பிறகு பெரியவர்கள் யோசித்துக் கழற்றி வைத்ததை, வகுப்பறையில் நாம் மறுபடி மாட்டிவிட வேண்டாம், டீச்சர்.

கேள்வி: ராட்டையை ஏன் எடுத்தார்கள்? 24 ஆரக்கால்களுக்கு 24 நற்குணங்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே? (ஈரோடு)

பதில்: ராட்டையை எடுத்ததற்கு நேரு சொன்ன காரணம், கொடி தைப்பவருக்குச் சட்டென்று புரியும். ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறு பக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இடம் மாறிவிடும். மாறாமல் இரு பக்கமும் தனித்தனியாகப் போட்டால், கம்பத்தின் பக்கம் இருக்க வேண்டிய சக்கரம் தள்ளிப் போய்விடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்று போலிருக்க வேண்டும் என்றால் முழு வட்டம்தான் வழி. தீர்மானத்தின் வாசகத்தைப் படித்தீர்களா? கருநீலச் சக்கரம் ‘ராட்டையைக் குறிக்க’ என்றேதான் அதில் இருக்கிறது. சக்கரத்தின் வடிவம் மட்டும் சாரநாத் சிங்கத்தூணின் பீடத்தில் உள்ளதைப் போல இருக்கும் என்றார்கள். எனவே ராட்டை போகவில்லை, அதன் சக்கரம் தங்கியிருக்கிறது. காந்திக்கு இந்த விளக்கம் எளிதில் ஆறுதல் தரவில்லை, ராட்டை இல்லாத கொடியை வணங்க மாட்டேன் என்றுகூட எழுதினார்.

24 என்ற எண்ணிக்கை சாரநாத்தில் அந்தச் சிற்பி செதுக்கியது. அதையே எடுத்துக்கொண்டார்கள். நற்குணப் பட்டியல் 1947 தீர்மானத்தில் இல்லை. படிக்க நல்ல பட்டியல்தான், ஆனால் தேர்வில் எழுத வேண்டாம்.

கேள்வி: பள்ளிச் சுவரில் 3 அடிக்கு 2 அடியில் கொடி வரைய வேண்டும். சக்கரம் எவ்வளவு பெரிதாக? (ஓவிய ஆசிரியர், தருமபுரி)

பதில்: நீளமும் உயரமும் 3-க்கு 2, அது சரியாக அமைந்துவிட்டது. பட்டை ஒவ்வொன்றும் 8 அங்குலம். தர நிர்ணயத்தில் 900-க்கு 600 மில்லிமீட்டர் கொடிக்குச் சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. வெள்ளைப் பட்டை 200 மி.மீ. அதாவது சக்கரம் பட்டையின் விளிம்பைத் தொடாது, மேலும் கீழும் கொஞ்சம் வெள்ளை தெரியும். உங்கள் அளவுக்கு ஏழரை அங்குலத்துக்குச் சற்றே குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

24 ஆரக்கால் வரையப் பாகைமானி தேவையே இல்லை. வட்டம் போட்ட கவராயத்தை மாற்றாமல் அதே ஆரத்தில் சுற்றிலும் குறித்தால் 6 புள்ளி கிடைக்கும். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் 12, மறுபடி பாதியாக்கினால் 24. விளிம்பின் உட்புறம், இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு சிறு அரைவட்டம் வரும். சுவர்க் கொடிகளில் பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

கேள்வி: கடையில் பாலியஸ்டர் கொடிதான் கிடைக்கிறது. வாங்கலாமா? இரவில் இறக்க வேண்டுமா? (பெரம்பூர், சென்னை)

பதில்: வாங்கலாம். 2021 டிசம்பர் 30-ல் கொடி விதிகளைத் திருத்தி, இயந்திரத்தில் நெய்ததையும் பாலியஸ்டரையும் அனுமதித்துவிட்டார்கள். அதற்கு முன்பு கையால் நூற்றுக் கையால் நெய்த துணி மட்டும்தான். 2022 ஜூலை திருத்தத்துக்குப் பிறகு வீட்டில் இரவும் பகலும் பறக்கவிடலாம், முன்பு சூரியன் மறையுமுன் இறக்கியாக வேண்டும். எல்லா நாளும் வீட்டில் கொடியேற்றும் உரிமையே 2002 விதிகளுக்குப் பிறகு வந்ததுதான். நவீன் ஜிண்டால் தொடுத்த வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது குடிமகனின் கருத்துரிமையில் அடக்கம் என்றது.

சட்டம் அனுமதிக்கிறது, சரி. ஆனால் என் மனசு கதர்க் கொடியின் பக்கம்தான். கர்நாடகத்தில் ஹூப்ளி அருகே பெங்கேரியில் கதர்ச் சங்கம் ஒன்று, தர நிர்ணய முத்திரையோடு கொடி தயாரிக்கிறது. நூற்பது, நெய்வது, சாயம் ஏற்றுவது, சக்கரம் அச்சிடுவது, தைப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை. சக்கரம் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். அரசியல் நிர்ணய சபையில் நேரு இரண்டு கொடிகளைக் காட்டினார், ஒன்று பட்டு, ஒன்று கதர். பாலியஸ்டரும் ஒரு நாள் வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க முடிந்தவர்கள் கதர்க் கொடியைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் நெய்கிறவர் கைக்குப் போகும்.

கேள்வி: பால்கனியில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் காவி எந்தப் பக்கம்? (கோவை)

பதில்: தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இடது பக்கம்.

கேள்வி: காரின் முன்னால் கொடி கட்டலாமா?

பதில்: கூடாது. விதிகளில் பட்டியலிட்ட பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த உரிமை.

கேள்வி: பாரதியார் கொடியைப் பாடியிருக்கிறாரே, அது இந்த மூவர்ணக்கொடியா? (தூத்துக்குடி)

பதில்: இல்லை. அவர் பாட்டில் வரும் கொடியில் வந்தே மாதரம் என்ற எழுத்தும், ஒரு பக்கம் இந்திரனின் வச்சிரமும், மறு பக்கம் இளம்பிறையும் இருக்கின்றன. வச்சிரம் என்றதும் சகோதரி நிவேதிதா உருவாக்கிய கொடிதான் என் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் இப்படிப் பல மாதிரிகள் புழங்கின. 1906-ல் கல்கத்தாவில் ஏற்றியதில் எட்டுத் தாமரை. 1907-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மேடம் காமா உயர்த்தியது வேறு. 1917-ல் அன்னி பெசன்ட் அம்மையார் ஊட்டியில் காவலில் இருந்தபோது தோட்டத்தில் பறக்கவிட்ட ஹோம் ரூல் கொடி இன்னொன்று.

கேள்வி: திருப்பூர் குமரன் கையில் இருந்த கொடி, சென்னைக் கோட்டையில் 1932-ல் ஏற்றிய கொடி, இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள கொடி, மூன்றும் ஒன்றா? (காஞ்சிபுரம்)

பதில்: முதல் இரண்டும் ஒரே வகை, மூன்றாவது வேறு. 1932 ஜனவரியில் குமரன் அடிபட்டு விழுந்தபோது பிடித்திருந்தது ராட்டைக் கொடி. அதே மாதம் 26-ஆம் தேதி பொழுது விடியும்போது, புனித ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தில் யூனியன் ஜாக் இருந்த இடத்தில் மூவர்ணம் பறந்தது. இரவோடு இரவாக ஏறி அதைக் கட்டியவர் ஆர்யா என்கிற பாஷ்யம். 1930 முதல் ஜனவரி 26-ஐத்தான் சுதந்திர நாளாகக் கொண்டாடி வந்தார்கள், அதனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். குமரன் கையில் அசோகச் சக்கரக் கொடி இருப்பதாகப் படமும் சுவரோவியமும் வரைகிறார்கள். அவர் இறந்து 15 வருடம் கழித்துத்தான் அந்தச் சக்கரம் கொடிக்கு வந்தது. உயிரைக் கொடுத்துக் காத்தவர் கையில், அவர் காத்த கொடியையே வரையுங்கள் என்று ஓவியர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அருங்காட்சியகத்தில் இருப்பது 1947 ஆகஸ்ட் 15 அன்று அதே கோட்டையில் ஏற்றிய சக்கரக் கொடி. பட்டுத் துணி, 12 அடி நீளம், 8 அடி அகலம். 2013 முதல் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய்ப் பாருங்கள். (அங்கே சுதந்திர தினத்தில் முதல்வர் கொடியேற்றும் வழக்கம் 1974-ல் தொடங்கியது. கருணாநிதி கேட்டுப் பெற்ற உரிமை அது. அதன் பிறகு எல்லா மாநிலங்களிலும் முதல்வர்கள்தான் ஏற்றுகிறார்கள்.)

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கதர்க் கொடி கிடைத்தது. காவி, வெள்ளை, பச்சை, நடுவில் ராட்டை. மடிப்பில் கிழிந்திருக்கிறது. இது தவறான கொடியா? பழுதான கொடியை எரித்துவிட வேண்டும் என்கிறார்களே? (மன்னார்குடி)

பதில்: ஐயா, தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். கிழிந்த தேசியக் கொடியைத் தனியிடத்தில் மரியாதையோடு முழுதாக எரித்துவிடலாம் என்ற விதி இன்றைய சக்கரக் கொடிக்கு. உங்களிடம் இருப்பது 1931-ல் முடிவான வடிவம். துணியும் பழையதென்றால், விடுதலைக்கு முன்பு உங்கள் தாத்தாவோ அவருடைய தோழர்களோ தூக்கிப் பிடித்ததாக இருக்கலாம். அன்றைக்கு அதை வீட்டில் வைத்திருந்ததற்கே துணிச்சல் வேண்டும்.

துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலைத் தைக்கவும் வேண்டாம். டேப் ஒட்டவே கூடாது. வெயிலும் டியூப் லைட்டும் படாத இடத்தில் வையுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினால் சில வருடத்தில் காவி வெளுத்துவிடும். கிழிந்தது மடிப்பில்தான் என்கிறீர்கள், அதனால் இனி மடிக்க வேண்டாம். சாயம் ஏற்றாத பருத்தித் துணி ஒன்றைத் துவைத்து உலர்த்தி, தடித்த குழாய் ஒன்றில் சுற்றி, அதன்மேல் கொடியைத் தளர்வாகச் சுருட்டி, வெளியே இன்னொரு துணியால் மூடிவையுங்கள். அந்துருண்டை நேராகத் துணியில் படக் கூடாது. அப்புறம், தாத்தாவைத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர் எந்த ஊர்வலத்துக்கு அதை எடுத்துப் போனார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.