கடலுக்கும் காளைக்கும் ஒரே சொல்

வணக்கம் சார்,
பழைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிஸி காவியத்தை மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் கடல் அடிக்கடி 'ஒயின் நிறக் கடல்' என்று வருகிறது. கடல் எங்கே சிவப்பாக இருக்கிறது? பழைய கிரேக்கர்களுக்கு நீலமே தெரியாது என்று ஒரு யூடியூப் வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?
கே.

அன்புள்ள கே.,

கிரேக்கர்களின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டன், 1858இல் ஹோமரைப் பற்றி எழுதிய நூலில், அக்கால மனிதர்களுக்கு நிற உணர்வு முழுதாக வளரவில்லை என்றார். வீடியோக்காரர்கள் சொல்வது அதன் மிச்சம்தான். ஆனால் ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரேக்க நாட்டின் மைசீனி நகரில் எழுதப்பட்ட களிமண் பலகைகளில், நீலக் கண்ணாடி வேலை செய்பவர்களுக்கென்று தனியாகவே ஒரு சொல் இருக்கிறது. நீலம் தெரியாதவர்களுக்கு அது எதற்கு?

சரி, உங்கள் சொல்லுக்கு வருகிறேன். மூலத்தில் அது 'ஓய்னொப்ஸ்'. ஓய்னோஸ் என்றால் ஒயின், ஓப்ஸ் என்றால் கண், முகம், தோற்றம். ஒயினின் முகம் கொண்டது, அவ்வளவுதான். நிறம் என்ற சொல்லே அதற்குள் கிடையாது. ஹோமர் இதைக் கடலுக்கு மட்டும் சொல்லவில்லை, உழவு மாட்டுக்கும் சொல்கிறார். அவருடைய இன்னொரு காவியமான இலியடின் 13ஆம் காண்டத்தில் அயாக்ஸ் என்றே பெயர் கொண்ட இரண்டு கிரேக்க வீரர்களும் தோளோடு தோள் நின்று போரிடும்போது, கொம்படியில் வியர்வை வழிய ஒரே ஏரை இழுக்கும் இரண்டு ஓய்னொப்ஸ் காளைகள்போல என்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று கிரீட் தீவின் க்னோஸோஸில் இருக்கிறது. 1952இல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் படித்தறிந்த, 'லீனியர் பி' எனப்படும் மிகப் பழைய கிரேக்க எழுத்தில் உள்ள அங்கத்திய களிமண் பலகைகளில் உழவு மாடுகளின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் செவலை, மயிலை என்பதுபோல, புள்ளிக்காரன், கருப்பன், அப்புறம் 'வோ-நோ-குவோ-ஸோ', அதாவது நம் ஓய்னொப்ஸேதான்! கவிஞர் வாய்க்கு வருவதற்கு முன்பே அது தொழுவத்தில் புழங்கிய சொல். அதனால் சிவப்பா நீலமா என்று கேட்பதைவிட, கருஞ்செம்மையான மாட்டுத் தோலிலும், கிண்ணத்து ஒயினிலும், ஆழக் கடலிலும் பொதுவாக இருக்கும் அந்த இருண்ட மினுமினுப்பை யோசித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

ஒடிஸியிலும் 13ஆம் காண்டத்தில், ஊர் திரும்பத் துடிக்கும் கதாநாயகன் ஒடிசியஸ், நாளெல்லாம் உழுத களைப்பில் பொழுது சாயக் காத்திருக்கும் உழவனோடு ஒப்பிடப்படுகிறான். அவனுடைய இரண்டு மாடுகளுக்கும் இதே அடைமொழிதான். உங்கள் பிரதியில் அங்கே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். சில மொழிபெயர்ப்பாளர்கள் கடலுக்கு ஒரு சொல்லும் மாட்டுக்கு வேறு சொல்லும் போட்டுவிடுகிறார்கள்.