கீரா நெரீஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

போன மாதம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, 'எனக்குப் பிடித்த பாத்திரம்' என்று ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினோம். மற்றவர்கள் நாவல்களிலிருந்து எடுத்தார்கள். நான் எடுத்தது கீரா நெரீஸ். 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1993 முதல் 1999 வரை நானா விசிட்டர் நடித்த பாத்திரம். பத்து நிமிடம் எனக்குப் போதவில்லை, கேட்டவர்களுக்கும் போதவில்லை போலிருக்கிறது. அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கதையின் திருப்பங்களைச் சொல்லாமல் முடியாது, இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் ஸ்டார் டிரெக் பக்கமே போனதில்லை. யார் இந்தக் கீரா? (ஈசூன்)

பஜோர் என்ற கிரகத்தைக் கார்டாசியர்கள் பல பத்தாண்டுகள் பிடித்துவைத்திருந்தார்கள். கீரா முகாமில் வளர்ந்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தாள், குண்டு வைத்தாள், ஆட்களைக் கொன்றாள். தொடர் தொடங்கும்போது கார்டாசியர்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன விண்வெளி நிலையத்தில் கீரா இப்போது இரண்டாம் நிலை அதிகாரி. தலைவர் சிஸ்கோ வெளியிலிருந்து வந்தவர், பூமியும் சேர்ந்த பல கிரகங்களின் கூட்டமைப்பு ஆள், அவரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட மட்டுமே தெரிந்தவளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஏழு சீசனும் அதைத்தான் பார்க்கிறோம்.

ஒரு சின்ன விஷயம். பஜோரியர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், நம் சீன அண்டைவீட்டார் மாதிரி. அவள் சொந்தப் பெயர் நெரீஸ்.

நேராகக் கேட்கிறேன், அவள் பயங்கரவாதிதானே? (தெம்பனிஸ்)

அந்தச் சொல்லை அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள். ஐந்தாம் சீசனில் ஒரு கார்டாசியன் அவளைப் பிடித்துக் கட்டிப்போடுகிறான். அவள் குழு வைத்த குண்டில் முகம் சிதைந்தவன். ராணுவத்தானே இல்லை, அதிகாரி வீட்டில் துணி வெளுத்த வேலைக்காரன். மன்னிப்புக் கேள் என்கிறான். கீரா கேட்கவில்லை. துப்பாக்கி பிடித்தவனானாலும் சட்டைக்கு இஸ்திரி போட்டவனானாலும், எங்கள் மண்ணில் உங்களில் ஒருவருக்கும் இடமில்லை என்கிறாள்.

அந்தப் பதிலை என்னால் இன்றும் முழுசாக ஏற்க முடியவில்லை. ஆனால் நாயகி என்பதற்காக அவளை அழவைத்து, வருந்தவைத்து, நமக்குச் சுலபமாக்கித் தரவில்லையே, அதற்காக எழுதியவர்களை மதிக்கிறேன்.

ஒரே ஒரு பகுதி பார்க்க நேரம் இருக்கிறது. எது? (பொங்கோல்)

'டூயட்'. முதல் சீசனில் கடைசிக்கு முந்தியது.

மருத்துவத்துக்காக ஒரு கார்டாசியன் நிலையத்துக்கு வருகிறான். அவனுக்கு இருக்கும் நோய் காலிடெப் என்ற வதைமுகாமில் நடந்த ஒரு விபத்தில் சிக்கியவர்களுக்கு மட்டுமே வரும். அந்த முகாமை மீட்கப் போனவர்களில் கீராவும் ஒருத்தி. உடனே பிடித்துச் சிறையில் போடுகிறாள். அவன் முதலில் 'நான் வெறும் எழுத்தர், பெயர் மரிட்சா' என்கிறான். பிறகு, முகாமின் தளபதி டார்ஹீல் நான்தான் என்று மார்தட்டுகிறான். கொன்ற கதைகளை ருசித்துச் சொல்கிறான். கீராவுக்கு வேண்டியதெல்லாம் கையில் வந்துவிட்டது, இழுத்துப்போய்த் தண்டிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் கணக்கு இடிக்கிறது. உண்மையான டார்ஹீல் இறந்து பல வருடமாயிற்று. நிலையத்தின் காவல் அதிகாரி ஓடோ விடாமல் தோண்டுகிறான். வந்தவன் உண்மையிலேயே எழுத்தர். இரவில் அலறல் கேட்கும்போது காதைப் பொத்திக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தவன். தன் இனம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமென்று, முகத்தை மாற்றிக்கொண்டு தளபதியாகச் சாக வந்திருக்கிறான். அவன் உடைந்து அழும் அந்தக் காட்சியில் கீராவின் முகத்தை மட்டும் பாருங்கள். வெறுப்பு ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. அதற்கு இனி நிற்க இடமில்லை, அவ்வளவுதான். சிறைக் கதவைத் திறந்துவிடுகிறாள்.

வெளியே வந்தவனை ஒரு பஜோரியன் குத்திக் கொல்கிறான். ஏன் என்று கேட்டால், கார்டாசியன் என்பதே போதும் என்கிறான். 'இல்லை, போதாது' என்கிறாள் கீரா. பகுதி தொடங்கும்போது அவளே சொல்லியிருக்கக்கூடிய காரணம்தான் அது.

ஜப்பான்காரன் காலத்தில் கஷ்டப்பட்ட குடும்பம் எங்களுடையது. டிவி கற்பனையை அதோடு வைத்துப் பேசலாமா, மா? (சிராங்கூன், வயது 74)

ஐயா, ஒப்பிட மாட்டேன். 1942 பிப்ரவரி 15-ல் தொடங்கி மூன்றரை வருடம் நம் பெரியவர்கள் பட்டது பட்டதுதான். ஆனால் இந்தத் தொடரை நான் அந்த நினைப்போடுதான் பார்த்தேன், அதை மறைக்கவும் மாட்டேன். என் பாட்டி மரவள்ளிக்கிழங்கைக் கடைசி வரை தொடவில்லை. ஏன் என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். 1943-ல் இங்கே நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி பிடித்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மலரும். அந்தப் படையும் ஜப்பானியர் பக்கம் நின்றுதான் வெள்ளைக்காரனை எதிர்த்தது. யார் எதிர்த்தார்கள், யார் ஒத்துழைத்தார்கள் என்று அந்தக் காலத்தில் கோடு கிழிப்பது அத்தனை சுலபமில்லை.

ஆறாம் சீசனில் 'ராக்ஸ் அண்ட் ஷோல்ஸ்' என்ற பகுதி இந்த இடத்தைத்தான் தொடுகிறது. நிலையம் மறுபடி எதிரி கைக்குப் போகிறது. பஜோரைக் காப்பாற்றக் கீரா அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறாள். காலையில் எழுகிறாள், உடுத்துகிறாள், வேலைக்குப் போகிறாள். ஒருநாள் யாசிம் என்ற பெண் துறவி, எல்லாரும் பார்க்க, தூக்கில் தொங்கி எதிர்ப்புக் காட்டுகிறார். அடுத்து அதே காலைக் காட்சி வருகிறது. ஒன்றும் மாறவில்லை, கீரா பார்க்கும் பார்வை மட்டும் மாறிவிட்டது. தான் இளவயதில் யாரை வெறுத்தாளோ, அந்த ஒத்துழைப்பாளராகத் தானே ஆகிவிட்டோம் என்பது அவளுக்கு உறைக்கிறது.

அம்மாவின் கதை வரும் பகுதியைப் பாதியில் நிறுத்திவிட்டேன் அக்கா. முடியவில்லை. (சுவா சூ காங்)

புரிகிறது தங்கச்சி. தாய் மெரு தன் மூன்று வயதில் இறந்தாள் என்று கீரா நம்பியிருக்கிறாள். உண்மையில் அவள் டுகாட் என்ற கார்டாசியத் தலைவனோடு வாழப் போனவள். அதனால்தான் குடும்பத்துக்குச் சோறு கிடைத்தது. காலத்தில் பின்னோக்கிப் போகும் கீரா, டுகாட்டோடு சேர்த்துத் தாயையும் கொல்லக் குண்டு வைக்கிறாள். கடைசி நொடியில் எச்சரித்துக் காப்பாற்றுகிறாள். மன்னித்துவிட்டாளா என்றால், இல்லை. என்ன செய்திருந்தாலும் அவள் என் அம்மா என்பதோடு நிற்கிறது. தயாரானதும் பாருங்கள், அவசரமில்லை.

விண்வெளிக் கதையில் இவ்வளவு சாமி கும்பிடுவானேன்? (ஜூரோங்)

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுத்துவிட்டு மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். கீராவும் அப்படித்தான்.

கர்ப்பக் கதை எதற்கு? ஓடோவோடு காதல் எதற்கு? (அங் மோ கியோ)

நானா விசிட்டர் நிஜத்திலேயே கர்ப்பமாக இருந்தார். அதனால் நிலையத்தில் வசிக்கும் ஓப்ரையன் தம்பதியின் குழந்தையை ஒரு விபத்துக்குப் பிறகு கீரா சுமப்பதாக எழுதினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஓடோ நல்ல தோழன், காதலனாக என் மனதில் ஒட்டவில்லை.

கடைசியில் அவள் கோபம் தணிந்ததா? (தோ பாயோ)

ஏழாம் சீசனில் டமார் என்ற கார்டாசியன், தன் இனத்துக்கே எஜமானர்களாகிவிட்ட டொமினியன் என்ற அந்நிய வல்லரசை எதிர்த்துக் கிளம்புகிறான். ஒளிந்திருந்து தாக்கும் வித்தை அவனுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க அனுப்பப்படுவது கீரா. பஜோரியச் சீருடையில் போனால் கார்டாசியர்கள் கேட்கமாட்டார்கள் என்று கூட்டமைப்பின் சீருடையைப் போட்டுக்கொண்டு போகிறாள். சொந்தக் கிரகத்தை எரித்தவர்களுக்கு அவள் குண்டு வைக்கக் கற்றுக்கொடுக்கிறாள்!

ஒருநாள் டமாரின் மனைவியும் மகனும் கொல்லப்பட்ட செய்தி வருகிறது. ஒரு பாவமும் அறியாதவர்களைக் கொல்லச் சொல்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவன் தனக்குள் கேட்பதுபோலக் கேட்கிறான். கீரா அவனைப் பார்த்து, 'ஆமாம் டமார், எப்படிப்பட்டவர்கள்?' என்கிறாள்.

அவன் பதில் சொல்லாமல் வெளியே போகிறான். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளே வருந்துகிறாள். மறுநாளும் அவனோடுதான் வேலை செய்கிறாள்.