கிளாக் டீபக் கோப்பைப் படித்ததும் போர்டு உறைந்துபோவது

லினக்ஸ் கெர்னலில் கிளாக் ரெஜிஸ்டர்களை (வன்பொருளின் நிலையைக் காட்டும் சிறு நினைவிடங்களை) ஒரு டீபக் கோப்பு வழியாகக் காட்டும் உங்கள் பேட்ச்சில் (நிரல் திருத்தத்தில்), அவற்றைப் படிக்கும் ஃபங்ஷனின் தொடக்கத்தில், சாதனத்தை எழுப்பி அதன் பயன்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டும் ‘பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட்’ அழைப்பையும், முடிவில் அந்த எண்ணிக்கையைக் குறைக்கும் ‘பிஎம்_ரன்டைம்_புட்’ அழைப்பையும் சேருங்கள். டீபக்எஃப்எஸ் (கெர்னலில் பிழை தேட உதவும் கோப்பு முறைமை) கோப்பை ‘கேட்’ கட்டளையால் படித்ததும் போர்டு எந்தச் செய்தியுமின்றி உறைந்துவிடுகிறது என்றால், பயன்பாடின்றி மின்சாரம் நிறுத்தப்பட்ட பகுதியின் ரெஜிஸ்டரைப் படிக்கப் போய், பதில் வராமல் பஸ் (செயலியையும் சாதனத்தையும் இணைக்கும் தடம்) காத்துக் கிடக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

முதலில் இதைச் சோதியுங்கள்: சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் கோப்பு முறைமையில்) அந்தச் சாதனத்தின் ‘பவர்/கன்ட்ரோல்’ கோப்பில் ‘ஆன்’ என்று எழுதிவிட்டு மீண்டும் படியுங்கள். உறையவில்லையென்றால் காரணம் உறுதி.

எழுப்புவதற்குப் பழைய ‘பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க்’ அழைப்பு வேண்டாம். அது தோற்றாலும் பயன்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டிவிடும் என்பதால், பிழைப்பாதையில் அதைக் குறைக்க மறப்பது ரிவ்யூவில் அடிக்கடி கண்ணில் படும் தவறு.

ஒன்றை மட்டும் கமிட் செய்தியில் தெளிவாக எழுதிவிடுங்கள்: படிப்பதற்காகவே சாதனத்தை எழுப்புவதால், கோப்பு காட்டுவது விழித்திருக்கும் நிலையின் மதிப்புகளையே, உறக்கநிலையில் கிளாக் எப்படி இருந்தது என்பதை அதிலிருந்து அறிய முடியாது.