தானாக அணைந்துபோகும் டெஸ்க்டாப்: கேள்வி பதில்

சொந்தமாகப் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கணினி திடீரென்று அணைந்துபோகிறது என்று வந்த கேள்விகளை ஒன்றாக வைத்துப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். "ஆஃப் ஆகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அணைந்து அப்படியே கிடக்கிறதா, தானே மறுபடி ஆன் ஆகிறதா, நீலத் திரை (விண்டோஸ் பிழை காட்டும் திரை) வந்து போகிறதா, வேலை அதிகமாக இருக்கும்போது நடக்கிறதா, சும்மா இருக்கும்போது நடக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பது என்பதை இதுதான் முடிவு செய்கிறது, இதற்குப் பத்து பைசா செலவில்லை.

கேள்வி: அண்ணா, கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஆஃப். நீலத் திரை எதுவும் இல்லை. பவர் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை, பின்னால் இருக்கும் ஸ்விட்சை அணைத்து சிறிது நேரம் கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது. ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் தரும் பெட்டி). டெம்பரேச்சர் 75ஐத் தாண்டவில்லை.

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் ஆன் ஆகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலோ, வோல்டேஜ் எல்லை தாண்டினாலோ, எங்காவது ஷார்ட் ஆனாலோ அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று எல்லா வெளியீட்டையும் நிறுத்திவிடும், பல நேரம் மெயின் இணைப்பு அறுந்தால்தான் அந்தப் பூட்டு விடுபடும்.

3080க்கு என்விடியா சொல்லும் பவர் 320 வாட், பரிந்துரைக்கும் எஸ்எம்பிஎஸ் 750 வாட். இந்த 320 ஒரு சராசரிதான். சில மில்லி செகண்டுகளுக்குக் கார்டு அதைவிட மிக அதிகமாக இழுக்கும், மென்பொருளில் நீங்கள் பார்க்கும் வாட் கணக்கில் அது தெரியவே தெரியாது, ஆனால் எஸ்எம்பிஎஸ் பார்த்துவிடும். இதனால்தான் 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். உங்களுடையது அதற்கு முந்தைய தயாரிப்பாக இருந்தால் இந்தத் திடீர் ஏற்றத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே கேமை ஆடுங்கள். அணையவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் பலமாக விழுகிறது. இன்னொன்று, கார்டுக்குப் போகும் 8 பின் இணைப்புகளைப் பாருங்கள். ஒரே கேபிளின் முனையில் இரண்டு தலை இருக்குமே, அந்த ஒரு கேபிளையே இரண்டு சாக்கெட்டிலும் செருகியிருக்கிறீர்களா? ஒரு 8 பின் இணைப்புக்குக் கணக்கு 150 வாட். இரண்டு சாக்கெட்டுக்கு இரண்டு தனிக் கேபிள் போடுங்கள், சிலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தீரவில்லை என்றால் நல்ல 850 வாட் ஒன்று வாங்குங்கள். அதுவரை 70 சதவீதத்திலேயே தாராளமாக ஓட்டலாம், வேகம் கொஞ்சம் குறையும், கார்டுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

கேள்வி: விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக வருகிறது சார். தேடிப் பார்த்தால் எல்லாரும் எஸ்எம்பிஎஸ் மாற்று என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். 41 என்பது காரணம் இல்லை. போன முறை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்று விண்டோஸ் அடுத்த முறை ஆன் ஆகும்போது எழுதி வைக்கும் குறிப்பு அது. நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41தான் வரும்.

அந்தப் பதிவைத் திறந்து விவரப் பகுதியில் பக்செக்-கோடு என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால் விண்டோஸுக்கு எதையும் பதிவு செய்ய நேரமே கிடைக்கவில்லை, பெரும்பாலும் கரண்ட் அறுந்திருக்கிறது, அல்லது இயந்திரம் அப்படியே உறைந்துபோய் நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறீர்கள். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்து, நீங்கள் பார்ப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. உதாரணமாக 292 என்று இருந்தால் அதை ஹெக்ஸாடெசிமல் (16ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்ணாக மாற்றினால் 124, அது வன்பொருள் பிழை, பிராசசர், ரேம், ஓவர்கிளாக் (வழக்கத்தைவிட வேகமாக ஓட்டுவது) பக்கம் தேட வேண்டும். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதிக்குப் போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள், அடுத்த முறை நீலத் திரை நின்று பேசும்.

அதே நேரத்தில் 1074 என்ற பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் விண்டோஸ் அப்டேட்டோ வேறு ஏதாவது மென்பொருளோ முறைப்படி அணைத்திருக்கிறது, யாரால் என்ற பெயரும் அங்கேயே இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் மோட்டார் போட்டால் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. 600 விஏ யூபிஎஸ் வாங்கி வைத்தும் அதே கதை. கரண்ட் போனால் யூபிஎஸ் ஒரு முறை கத்திவிட்டு எல்லாமே அணைகிறது.

பதில்: இங்கே இரண்டு பிரச்சினை இருக்கிறது, தனித்தனியாகப் பார்ப்போம்.

மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த நொடியில் வீட்டு வோல்டேஜ் சரியும். ஆனால் 100 முதல் 240 வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும் எஸ்எம்பிஎஸ் உங்களிடம் இருந்தால், 230 வோல்ட் 180க்கு இறங்கினாலும் அது பொருட்படுத்தாது. அதற்கு ஆகாதது முழுத் துண்டிப்பு. நல்ல எஸ்எம்பிஎஸ்கூட முழு லோடில் சுமார் 16, 17 மில்லி செகண்ட்தான் சமாளிக்கும், நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட். ஆகவே லூஸ் கான்டாக்ட் இருந்து ஒரு சுற்று அறுந்தாலே போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சுவர் பிளக், எஸ்எம்பிஎஸ் பின்னால் செருகும் கேபிள், இவற்றில் எது சூடாகிறது, எந்தப் பின் கறுத்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டின் மெயின் ஸ்விட்ச் போர்டில் கருகல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்கள் கை வைக்க வேண்டாம். மூன்று ஃபேஸ் வீடு என்றால், மோட்டார் ஒரே ஃபேஸில் ஓடுகிற பட்சத்தில், கணினியை வேறு ஃபேஸுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

யூபிஎஸ் விஷயம் வேறு. 600 விஏ என்று விற்பதில் பெரும்பாலானவை 360 வாட்தான் தரும். கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியும் மானிட்டரும் சேர்ந்தால் கேம் ஆடும்போது அதைத் தாண்டிவிடும், ஓவர்லோடில் யூபிஎஸ் கைவிடும். டெஸ்க்டாப் திரையில் சும்மா இருக்கும்போது யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போது தாங்கினால் லோடு பிரச்சினை. அப்போதும் விழுந்தால் பேட்டரி போய்விட்டது, உள்ளே இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிகள் நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் உழைப்பது கஷ்டம்.

வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுகிறவர்களும் கவனியுங்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யூபிஎஸ் மோடு, சாதா மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஃபேனும் லைட்டும் சாதா மோடில் கண் சிமிட்டிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும், கணினி பிழைக்காது.

கேள்வி: சிபியு 95 டிகிரி போகிறது, அதனால்தான் அணைகிறதோ?

பதில்: என்ன சிபியு என்று சொல்லவில்லையே! ரைசன் 7000 வரிசை என்றால் 95 வரை போய் அங்கேயே நிற்பதுபோலத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். இன்டெலில் பலவற்றுக்கு எல்லை 100. எல்லையைத் தொட்டதும் பிராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அணையாது. அதையும் மீறிச் சூடு ஏறினால்தான் ஒரேயடியாக அணைக்கும். அப்படி அணைந்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது பல மதர்போர்டுகள் சிபியு சூடு பற்றி ஒரு எச்சரிக்கையைக் காட்டும்.

ஆன் செய்து பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) இருக்கும்போதே சூடு விறுவிறுவென்று ஏறுகிறதா? அப்படியானால் கூலர் சிபியுவோடு சரியாக ஒட்டவில்லை. அடிப்பக்கப் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பார்கள், ஒரு மூலை ஸ்க்ரூ இறங்கியிருக்காது. லிக்விட் கூலர் என்றால் பம்ப் ஓடுகிறதா என்று ஆர்பிஎம்மைப் பாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றுவதை வைத்துப் பம்பும் ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கேம், ரெண்டரிங் எல்லாம் மணிக்கணக்கில் ஓடுகிறது. சும்மா விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ரைசன் சிஸ்டம்.

பதில்: இது பலரைக் குழப்பும். லோடில் தாங்குகிறதே, எஸ்எம்பிஎஸ்ஸும் சூடும் சரிதானே என்று தோன்றும். சும்மா இருக்கும்போது பிராசசர் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகிறது, அப்போது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, சில பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு அவ்வளவு குறைந்த லோடில் வோல்டேஜை நிலையாக வைக்கத் தெரியாது. பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கும், அதை டிப்பிக்கல் கரண்ட் ஐடில் என்று மாற்றுங்கள். கர்வ் ஆப்டிமைசரில் (பிராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) மைனஸ் போட்டு வைத்திருந்தால் அதை முதலில் பூஜ்யமாக்குங்கள், லோடில் தாங்கும் மைனஸ் அளவு சும்மா இருக்கும்போது கவிழ்த்துவிடும். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் அணைத்து ஒரு வாரம் பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது மருந்து என்று தெரியாமலே போகும்.

கேள்வி: பயாஸ் பேட்டரி தீர்ந்தால் இப்படி அணையுமா?

பதில்: அணையாது. நேரமும் பயாஸ் அமைப்பும் மறந்துபோகும், அவ்வளவுதான்.

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்தேன். ஆன் ஆகிறது, நாலைந்து வினாடியில் அணைகிறது. கடையில் மதர்போர்டு போச்சு என்கிறார்கள்.

பதில்: நாலு வினாடி என்றதுமே எனக்கு வரும் சந்தேகம் கேபினட்டின் பவர் பட்டன். பட்டனை நாலு வினாடி அழுத்திப் பிடித்தால் கட்டாயமாக அணையும் அல்லவா, உள்ளேயே சிக்கிய பட்டனும் அதையேதான் செய்யும். மதர்போர்டில் பவர் ஸ்விட்ச் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். அணையாமல் நின்றால் உங்கள் மதர்போர்டு பத்திரம், ஒரு பட்டன்தான் பிரச்சினை.

அதிலும் அணைந்தால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, சிபியு, கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து ஓட்டுங்கள். வெளியே ஓடி உள்ளே அணைந்தால் போர்டுக்குப் பின்னால் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் உலோகக் குமிழ்) இருந்து ஷார்ட் ஆகிறது. இத்தனையும் பார்த்த பிறகு மதர்போர்டைச் சந்தேகியுங்கள், அதற்கு முன் கடைக்காரர் சொன்னார் என்று பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதித்தேன், ஃபேன் சுற்றுகிறது. அப்படியென்றால் அது நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். லோடு இல்லாமல் 12 வோல்ட் காட்டுவது பெரிய விஷயமே இல்லை. மல்டிமீட்டர் இருந்தால் கணினி ஓடும்போது, ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் பவர் டெஸ்ட் போட்டுவிட்டு, 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். மீட்டரிலும் மில்லி செகண்ட் சரிவு தெரியாது, ஆகவே நண்பரிடம் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. மாட்டும்போது கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. செருகினால் உட்காரும், ஆனால் பின் வரிசை மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

கேள்வி: கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஓடுமா அண்ணா?

பதில்: பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12ஆல் பெருக்குங்கள், 216 வாட். சிபியு, கார்டு இரண்டுமே அந்த 216லிருந்துதான் சாப்பிட வேண்டும், பெட்டியில் போட்ட 450 கணக்கில் வராது. 65 வாட் சிபியு, கூடுதல் பவர் கேபிள் கேட்காத 75 வாட் கார்டு என்றால் காகிதக் கணக்கில் ஓடும், ஆனால் ஸ்டிக்கரே உண்மை சொல்கிறதா என்பது வேறு கேள்வி. பவர் கேபிள் கேட்கும் கார்டு என்றால், கார்டில் ஒரு படி குறைத்தாவது எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் மாற்றுங்கள்.