தயிர்ச்சோறு போட்டும் மணிக்கு வயிறு நிற்கவில்லையே, டாக்டர்?

கேள்வி: எங்கள் கன்னி இன நாய் மணிக்கு மூன்று வயது. சில மாதங்களாக விட்டுவிட்டுப் பேதியாகிறது, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான், காதையும் சொறிகிறான். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் நிற்கிறது, விட்டால் திரும்புகிறது. கோழிதான் காரணம் என்றார்கள். நிறுத்திவிட்டுப் பத்து நாளாகத் தயிர்ச்சோறுதான். மாற்றமில்லை. சந்தேகப்படும் உணவை எல்லாம் விலக்கிப் பார்க்கும் எலிமினேஷன் டயட் என்கிறார்களே, அது குடலைச் சரியாக்குமா? வீட்டில் மீன் வாங்கும் பழக்கம் இல்லை.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, கோழியை நிறுத்தினீர்கள் சரி, தயிரைப் பிடித்துக்கொண்டீர்களே! நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாத உணவில் அதிகம் அகப்படுவது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. ஒரு திருடனை வெளியே அனுப்பிவிட்டு அவன் கூட்டாளியை நடுவீட்டில் உட்கார வைத்த கதைதான் இது. அதுவும் போக, எலிமினேஷன் டயட் என்பது வைத்தியத்தை விடத் துப்பறியும் வேலை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து அதை நிறுத்தினால்தான் குடல் தேற ஆரம்பிக்கும்.

அதற்கு முன் மலப் பரிசோதனை. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து கால்நடை மருத்துவரிடமோ அன்றன்றைக்குப் புதிதாகப் போன மலத்தை இரண்டு மூன்று நாள் கொடுங்கள், ஏனென்றால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. பூச்சி மாத்திரை போட்டாச்சே என்பீர்கள், வழக்கமாக ஒரே ஒரு வேளை போடும் மாத்திரைக்கு அது அடங்காது. கொக்கிப்புழு, உண்ணிக் காய்ச்சல் இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுப்பாகவோ ரத்தமாகவோ போனாலோ, வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் கிடந்தாலோ இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

அதில் ஒன்றும் இல்லையென்றால் சாப்பாட்டுக்கு வருவோம். மணி இதுவரை தின்றே இராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான். நீங்கள் மீன் வாங்குவதில்லை என்பது இங்கே நல்லதாய்ப் போயிற்று: சாளை மீனை வேகவைத்து முள் நீக்கி, அவித்த சீனிக்கிழங்கோடு பிசைந்து வையுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. கருவாடு வேண்டாம், அது உப்பு மூட்டை. (வாடைக்கு வீட்டில் சத்தம் வரும், அடுப்பைப் புறவாசலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.) நாலைந்து நாளில் பழையதைக் குறைத்து இதைக் கூட்டுங்கள். வெறும் மீனும் கிழங்கும் நெடுநாளுக்குப் போதாது, கால்சியம் குறையும். எந்த சத்துப் பவுடர், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். வசதி இருந்தால் ஹைட்ரோலைஸ்டு புரதத் தீவனம் (புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்தது) இன்னும் சுலபம், விலைதான் கடிக்கும். வளரும் குட்டிக்கு இந்த வீட்டுச் சமையல் முறையை நீங்களாகச் செய்யவே கூடாது.

பேதி இரண்டு மூன்று வாரத்தில் குறையத் தொடங்கும், ஆனால் அரிப்புக்கு எட்டு வாரம் பொறுக்க வேண்டும், இடையில் இந்தப் பதிலில் சொன்னவை தவிர ஒரு வாய் கூட வேறு எதுவும் போகக் கூடாது. இங்கேதான் நம் ஊரில் எல்லாம் கவிழும். ஆச்சி காபியில் நனைத்த பிஸ்கட் கொடுப்பாள், பேரப்பிள்ளை அல்வா துண்டைத் தூக்கிப் போடுவான். அல்வாவில் கோதுமைப்பாலும் நெய்யும்தானே இருக்கிறது! அவிழ்த்துவிட்டால் கறிக்கடை வாசலுக்குப் போவான், ஆகவே கயிற்றோடுதான் வெளியே. வாசனை சேர்த்த மெல்லும் மாத்திரைகளிலும் இறைச்சிச் சுவை இருக்கும், அதற்கு மாற்று கேளுங்கள்.

எட்டு வாரத்தில் நன்றாகிவிட்டால் பெரும்பாலானோர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள், அது அரைகுறை. கோழியை மட்டும் திரும்பக் கொடுத்து இரண்டு வாரம் வரை பாருங்கள். பேதியோ அரிப்போ வந்தால் அன்றே நிறுத்தி மீனுக்குத் திரும்பி, அடங்கிய பிறகு பால், அப்புறம் கோதுமை என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முடி, எச்சில் அனுப்பினால் ஒவ்வாமை சொல்கிறோம் என்று ஆன்லைனில் விற்கும் கிட்டுகளை நம்பிக் காசை விடாதீர்கள்.

மெட்ரோனிடசோலைச் சும்மா சும்மா கொடுக்க வேண்டாம். குடலில் பித்த அமிலத்தை மாற்றிக்கொடுக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது சேர்த்தே அடித்துவிடும், அந்த பாக்டீரியா மீள வாரக்கணக்காகும், சில நாய்களுக்கு அதற்கு மேலும். அதற்குப் பதில் நார்ச்சத்து கொடுங்கள்: அவித்த மஞ்சள் பூசணி இரண்டு ஸ்பூன், அல்லது இசப்கோல் ஒரு டீஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்து. மீன் சாப்பாடு தொடங்கும் முதல் நாளே ஆரம்பித்து அளவை மாற்றாமல் கொடுங்கள், நடுவில் கூட்டிக் குறைத்தால் எதனால் நின்றது என்று தெரியாது. நாய்களுக்கென்று வரும் புரோபயாடிக்கில் (நல்ல பாக்டீரியா மருந்து) பால், கோழிச் சுவை இல்லையா என்று பார்த்து வாங்குங்கள். நாள்பட்ட பேதியில் வைட்டமின் பி12 குறைவதுண்டு, ரத்தத்தில் பார்த்து ஊசி போட வேண்டியிருக்கலாம்.

கன்னிக்கு விலா தெரிவது இயல்பு என்பதால் இளைப்பு கண்ணில் படாது. வாரம் ஒருமுறை மணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் எட்டு வாரம் முடியும் வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள்.